பெயரில் மட்டும்தான் ஜீரணம்!

சர்க்கரை நோய் வந்த அப்பாவுக்கும், வயிறு சரியில்லாத பாட்டிக்கும் நம்பி வாங்கிக் கொடுக்கிற பிஸ்கட் ஒன்று உண்டு... டைஜஸ்டிவ்! பெயரிலேயே ஜீரணம் இருக்கிறதே, உடம்புக்கு நல்லதாகத்தான் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கை பிறந்த இடம் பிரிட்டன்.

19-ம் நூற்றாண்டில் அங்கே அஜீரணம் ஊரறிந்த தொல்லை. முழுக்கோதுமை மாவில் சமையல் சோடா சேர்த்துச் சுட்ட பிஸ்கட்டைச் சாப்பிட்டால், அந்த சோடா வயிற்றின் அமிலத்தைத் தணிக்கும் என்று நினைத்தார்கள். ‘டைஜஸ்டிவ்’ என்ற பெயர் வந்தது அப்படித்தான்.

இன்று உலகம் அறிந்த மெக்விட்டீஸ் டைஜஸ்டிவ் 1892-ல் வந்தது. எடின்பரோவில் அந்த நிறுவனத்தில் வேலைபார்த்த அலெக்ஸாண்டர் கிராண்ட் என்ற இளைஞரின் கைப்பக்குவம் அது. பிற்பாடு அவரே நிறுவனத்தின் தலைவரானார். பிஸ்கட்டில் சம்பாதித்ததிலிருந்து 2 லட்சம் பவுண்டை ஸ்காட்லாந்தின் தேசிய நூலகத்துக்குக் கொடுத்தார். வயிற்றுக்கு வந்த பிஸ்கட், அறிவுக்கும் சோறு போட்டது!

1925-ல் ஒரு பக்கம் சாக்லேட் பூசிய டைஜஸ்டிவ் வந்தது. சாக்லேட் இருப்பது மேல்பக்கமா, அடிப்பக்கமா என்று பிரிட்டிஷ்காரர்கள் இன்றைக்கும் செல்லச் சண்டை போடுகிறார்கள். தயாரிப்பவர்களைக் கேட்டால், அது அடிப்பக்கம்தானாம்!

சரி, ஜீரணம்? அடுப்புச் சூட்டில் சோடா உருமாறிவிடுகிறது. பிஸ்கட்டை உப்பவைப்பதோடு அதன் வேலை முடிந்தது. வயிற்றைத் தணிக்கப் பெரிதாக ஒன்றும் மிஞ்சுவதில்லை. கோதுமைத் தவிடு கொஞ்சம் இருக்கிறது, உண்மைதான். கூடவே மைதா, சர்க்கரை, எண்ணெயும் இருக்கின்றன. ஒரு பிஸ்கட்டில் சுமார் 70 கலோரி!

பிறகு ஏன் இத்தனை தலைமுறையாக அதை விடாமல் சாப்பிடுகிறார்கள்? ருசிதான் காரணம். திகட்டாத இனிப்பு, நாக்கில் லேசாகத் தட்டுப்படும் உப்பு, வறுத்த கோதுமை வாசனை. அவர்களுக்கு அதை டீயில் முக்கியே ஆக வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் பாதி உடைந்து கப்பின் அடியில் போய்விடும். மேலே ஒரு துண்டு சீஸ் வைத்துக் கடிப்பவர்களும் உண்டு. சீஸ்கேக் செய்பவர்கள் இதைப் பொடித்து, வெண்ணெயில் பிசைந்து அடித்தளமாக அழுத்துகிறார்கள்.

மருந்து என்று வந்தது, பலகாரமாக நிலைத்துவிட்டது. அதில் தப்பே இல்லை. ஆனால், பெயரைப் பார்த்து அரை பாக்கெட்டை அப்பா கையில் கொடுத்துவிட்டு, ‘இது டைஜஸ்டிவ்தானே’ என்று நிம்மதியாக இருப்பதுதான் தப்பு. பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். பிறகு, டீயோடு ஒன்று கொடுங்கள். அதையும் அன்றைய இனிப்புக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ருசித்துச் சாப்பிடட்டும்!