மலையடிவாரச் சாலை – 7: இரண்டு பெரியாறும் ஒரு சிப்பாய்க் குடும்பமும்

திருவில்லிபுத்தூரில் பால்கோவாவை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மதுரைச் சாலையில் ஏறினோம். கிருஷ்ணன்கோவிலில் மேற்கே திரும்பியதும் மலை எதிரே வந்து நின்றது. சாலையின் இருபுறமும் தென்னை, நடுநடுவே நெல் வயல். விருதுநகர் மாவட்டம் என்றால் கரிசலும் பட்டாசும்தான் என்று நினைத்திருப்பவர்கள் வத்திராயிருப்பை ஒரு நடை வந்து பார்க்க வேண்டும்.

அதைத் தாண்டினால் கூமாபட்டி. 2025-ல் ரீல்ஸ் புண்ணியத்தில் தமிழ்நாடெங்கும் பெயர் பரவிய ஊர். அங்கிருந்து மேற்கே போனால் பிளவக்கல் பெரியாறு அணை, பக்கத்திலேயே கோவிலாறு அணை. இரண்டுமே ஐம்பது அடி உயரத்துக்குள் அடங்கியவை, 1970-களில் முடிந்தவை.

“பெரியாறுன்னா, இதுவும் பென்னிகுயிக் கட்டினதா?” என்று டீக்கடையில் என் நண்பர் கேட்டுவைத்தார். பெஞ்சில் இருந்த பெரியவர் சிரித்துவிட்டார்.

“அது மலைக்கு அங்கிட்டு, தம்பி. இது நம்ம சர்க்கார் கட்டினது. அந்தத் தண்ணி இங்க ஒரு சொட்டு வராது. ஆனா கம்பத்துல எங்க மச்சினன் வீட்டுல சாமி படத்துக்குப் பக்கத்துல அவரு படமும் இருக்கு. பொண்டாட்டி நகை, வீடு வாசல் எல்லாத்தையும் வித்துல்ல கட்டினாரு!”

தேனிப் பக்கம் போனால் ஊருக்கு ஊர் கேட்கிற கதை இது. ஆனால் பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணைக்குப் பணம் போட்டது சென்னை மாகாண அரசு. 1876-ல் தொடங்கிய பெரும் பஞ்சத்துக்குப் பிறகு திட்டம் வேகம் பிடித்தது. 1886-ல் திருவிதாங்கூரோடு 8,000 ஏக்கருக்கு 999 ஆண்டுக் குத்தகை எழுதினார்கள். 1887-ல் தொடங்கிய வேலை, 1895 அக்டோபரில் வென்லாக் பிரபு திறந்துவைக்கும் வரை நடந்தது.

பென்னிகுயிக் வீட்டார் உண்மையிலேயே இழந்தது வேறு. அது அவருடைய சிறு வயதில் நடந்தது.

அப்பாவின் பெயரும் ஜான் பென்னிகுயிக்தான். ஸ்காட்லாந்துக்காரர். ஆப்கானிஸ்தான் போரில் சண்டையிட்டு, பிரிகேடியர் வரை உயர்ந்தவர். மகன் ஜான் 1841 ஜனவரி 15 அன்று புனேயில் பிறந்தான். 1849 ஜனவரி 13-ல், இரண்டாம் ஆங்கிலேய-சீக்கியப் போரின்போது, இன்று பாகிஸ்தானில் இருக்கும் சில்லியன்வாலாவில் அப்பாவின் படைப்பிரிவு பீரங்கிகளுக்கு நேராகப் பாய்ந்தது. அவர் விழுந்தார். அதே படைப்பிரிவில் இருந்த 17 வயது மூத்த மகன் அலெக்சாண்டர், அப்பாவின் உடலைக் காக்க நின்று அங்கேயே மாண்டான். இளையவனுக்கு எட்டு வயது நிறைய இரண்டே நாள் இருந்தது.

அப்படியும் அந்த வீடு ராணுவத்தை விடவில்லை. சிறுவன் ஜான் செல்டன்ஹாமில் படித்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிஸ்கோம்ப் ராணுவக் கல்லூரிக்குப் போனார். 1860-ல் சென்னை மாகாணப் பொறியாளர் படையின் அதிகாரியாக இந்தியா வந்தார். அபிசீனியப் போருக்கும் போய்வந்தார். 1879-ல் கிரேஸ் சாமியரை மணந்தார். ஐந்து பெண்கள், ஒரு பையன். 1899-ல் பிறந்த அந்தப் பையனுக்கும் ஜான் என்றே பெயர். அவர் அணை கட்டவில்லை, இங்கிலாந்தில் நீதிபதியானார். அணை கட்டிய கர்னல் பென்னிகுயிக் 1911-ல் கேம்பர்லியில் காலமானார்.

அப்பாவும் அண்ணனும் உயிர்விட்டது பஞ்சாபைப் பிடிக்க நடந்த போரில். அதில் நமக்கு எந்தப் பங்கும் இல்லை. பென்னிகுயிக்குக்கு நாம் பட்டிருக்கும் கடன் அவருடைய வேலைக்காக. மேற்கே அரபிக்கடலுக்குப் போன ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைக்குத் திருப்பிய வேலை. அவர் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் அதைச் செய்தார். அதனால் அந்த வேலையின் மதிப்பு ஒரு படியும் குறையாது. வெள்ளம் கட்டியதை அடித்துக்கொண்டு போனபோதெல்லாம் மறுபடி கட்டவைத்த பிடிவாதத்துக்கு, விற்ற நகையின் சாட்சி எதற்கு?

தியாகம் என்று ஒன்றைத் தேடினால், அது காய்ச்சல் காட்டில் கல்லும் சுண்ணாம்பும் சுமந்தவர்களிடம் இருக்கிறது. சமவெளியிலிருந்து மலையேறிய கூலியாட்களில் மலேரியாவில் மாண்டவர்கள் ஏராளம். பென்னிகுயிக் குடும்பத்துக்கு மூன்று தலைமுறைத் தேதிகள் கிடைக்கின்றன. இவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்கூட எழுதிவைக்கப்படவில்லை.

இதைச் சொன்னதும் பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“அப்ப நகைக் கதை பொய்யா?”

“பொய்யோ என்னமோ, அண்ணாச்சி. அந்தக் கதை இல்லாமலேயும் அவர் பெரிய ஆளுதான்.”

“அதைப் போய்க் கம்பத்துல சொல்லிப் பாருங்க!” என்றார். லோயர் கேம்பில் 2013 முதல் பென்னிகுயிக்குக்கு மணிமண்டபம் இருக்கிறது. ஜனவரி 15 அங்கே பொங்கலும் அவர் பிறந்தநாளும் சேர்ந்த திருவிழா. அந்தக் கூட்டத்தில் நின்று சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை என்று ஒப்புக்கொண்டதும், எங்கள் டீக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்துவிட்டார்.

(அடுத்த வாரம்: தாணிப்பாறை வழியே சதுரகிரி)