முதன்மை மடலும் இணைப்புத் தாளும்



தாம்பரத்திலும் அதனைச் சூழ்ந்த சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் முதலிய ஊர்களிலும் உள்ள பங்குகளின் குடும்பப் பதிவேட்டை விரித்துப் பாருங்கள். பெற்றோரின் முகவரி இங்கே இருக்கும். பிள்ளைகளின் முகவரி துபாயிலோ, சிட்னியிலோ, டொராண்டோவிலோ இருக்கும். முன்னாளில் சைக்ளோஸ்டைல் எடுத்து, ஞாயிறு திருப்பலிக்குப் பின் கோயில் வாயிலில் கொடுத்த மாதமடல் அப்பிள்ளைகளைச் சென்று சேராது. ஆகவே இன்று மின்னஞ்சல் வழியே மடல் விடுக்கிறோம். விடுப்பது எளிது, படிக்கச் செய்வதன்றோ அரிது!

நம் அஞ்சற்பெட்டிக்கும் பல நிறுவனங்களின் மடல்கள் திங்கள்தோறும் வருகின்றன. பெரும்பாலானவற்றின் தலைப்பு 'மாத மடல்' என்பதே. முதற்பத்தி காலம் விரைந்தோடுவதை வியக்கும். அடுத்து, முடிந்துபோன விழாவில் வரவேற்புரையும் நன்றியுரையும் ஆற்றியோர் பட்டியல். பின்னர் கட்டட நிதிக்கு வேண்டுகோள். சில மடல்களில் எழுத்தே இராது; சுவரொட்டியைப் படமாக்கி ஒட்டியிருப்பர். கண்புரை கொண்ட முதியவர் அதனைப் பெரிதாக்கினால் எழுத்து மங்கும். வாசித்துக் காட்டும் வசதியுள்ள கைப்பேசியும் பெரும்பாலும் அப்படத்தின் முன் வாய் திறவாது.

2015 டிசம்பர்த் தொடக்கத்தில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கியபோது, நாம் அப்பக்கத்துப் பங்கொன்றில் பணியாற்றி வந்தோம். மின்சாரம் இல்லை, கைப்பேசிகள் பல ஊமையாயின. அயல்நாட்டிலிருந்த பிள்ளைகள் தொலைக்காட்சியில் படகுகளைக் கண்டு கலங்கினர். இளைஞர் சிலர் இடுப்பளவு நீரில் நடந்து செய்தி திரட்டி வந்தனர். அதனைக் கொண்டு, மேட்டுப் பகுதியில் மின்சாரம் இருந்த ஓர் இல்லத்திலிருந்து, நாள்தோறும் பன்னிரண்டு வரி எழுதி விடுத்தோம். எந்தத் தெருவில் நீர் வடிந்தது, யார் யார் பள்ளி மாடியில் தங்கியுள்ளனர், யாருக்கு எந்த மாத்திரை தேவை; அவ்வளவே. முன்னுரையும் இல்லை, முடிவுரையும் இல்லை. மறுமொழிகள் வந்து குவிந்தன. குவைத்திலிருந்து ஒரு மகன் எழுதியது இது: "ஃபாதர், எங்கள் அம்மா பேரைப் பார்த்தேன். போதும்."

மடல் படிக்கப்பட வேண்டுமாயின் வெள்ளம் வர வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. அம்மடலின் ஒவ்வொரு வரிக்கும் எங்கோ ஒருவர் காத்திருந்தார். அத்தகைய வரிகள் சாதாரண மாதத்திலும் உண்டு. அவற்றைப் பிற செய்திகளின் குவியலிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும்.

பிரித்தெடுக்கும் முறையை 480 ஆண்டுகளுக்கும் முன்னரே வகுத்தவர் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார். நாடுதோறும் சிதறிப் பணியாற்றிய தோழர்களை மடல்களே பிணைத்தன. உரோமையில் நண்பர்கள் அம்மடல்களைக் காண விரும்புவர். ஆனால் பிறர்க்குக் காட்டத்தக்கதும் தகாததும் கலந்து கிடந்தமையால் இஞ்ஞாசியார் சங்கடப்பட்டார். 1542 டிசம்பர் 10-ஆம் நாள் புனித பீட்டர் ஃபேபருக்கு எழுதிய மடலில் அவர் வழி கூறினார். யாவருக்கும் காட்டத்தக்க முதன்மை மடல் ஒன்று இருக்க வேண்டும். ஏனைய விவரங்கள் தனித் தாள்களில் இணைக்கப்பட வேண்டும். முதன்மை மடலை ஒருமுறை எழுதி, திருத்தி, மீண்டும் எழுத வேண்டும்; தாமும் அவ்வாறே செய்வதாகச் சொன்னார். சபைத் தலைவருக்கு இருந்த அலுவல்களுக்கிடையே இது சிறிய உழைப்பன்று.

இனி, எத்தகைய செய்தி முதன்மை மடலுக்கு உரியது? புனித சவேரியார் 1544 ஜனவரி 15-இல் கொச்சியிலிருந்து எழுதியதைப் பாருங்கள். முத்துக்குளித்துறையில் பணி சிறப்புற வளர்கிறது என்று பொதுவாகச் சொல்லி அவர் நிறுத்தவில்லை. திருமுழுக்கு அளித்து அளித்துக் கை சோர்ந்ததையும், சிறுவர்கள் நோயாளரின் இல்லங்களுக்குச் சென்று செபித்ததையும் எழுதினார். அம்மடல் அடுத்த ஆண்டே பாரிசில் அச்சேறிற்று. அவரும் அவ்வாண்டில் நம் மயிலையில் சில திங்கள் தங்கியிருந்து, பின்னர் மலாக்காவுக்குக் கப்பலேறினார். 1546 மே மாதம் அம்போனாவிலிருந்து எழுதுகையில், தோழர்கள் கைப்பட இட்ட பெயர்களை அவர்களுடைய மடல்களிலிருந்து கத்தரித்துத் தம்முடன் வைத்திருப்பதாகக் கூறுகிறார். மின்னஞ்சலில் கத்தரித்தெடுக்கக் கையொப்பம் ஏது! எனினும் அனுப்புநர் இடத்தில் 'அலுவலகம்' என்றிருப்பதினும், வாசிப்பவர் அறிந்த ஒருவரின் பெயர் இருப்பது நன்று.

தலைப்பு வரியும் அவ்வாறே. கைப்பேசித் திரையில் அதன் முதற்சில சொற்களே தெரியும். 'மாத மடல்' என்பதைக் காட்டிலும் 'கல்லறைத் தோட்டச் சுவர் இடிந்தது' என்றால், அங்கே தந்தையை அடக்கம் செய்துவிட்டுக் கடல் கடந்த மகள் திறவாதிருப்பாளா? நிதி வேண்டுகோளை இணைப்பில் வைப்பதே நம் வழக்கம். மாதந்தோறும் முகப்பில் கைநீட்டும் மடலை மின்கட்டணச் சீட்டைப் போலவே மக்கள் நோக்குவர். முகவரிகளை மறைநகல் பகுதியில் இட வேண்டும். ஒருவர் முகவரி ஊரார்க்கெல்லாம் தெரியத் தேவையில்லை. சாதாரண ஜிமெயில் கணக்கு நாளொன்றுக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப விடாது என்பதையும் பெரிய பங்குகள் கருத வேண்டும். விலக விரும்புவோருக்கு எளிய வழியும் வைக்க வேண்டும். நம் மக்களோ 'சாமியார் மடல் வேண்டாம்' என்று சொல்ல அஞ்சி, திறவாமலே அழித்துவிடுவர்!

இம்மாத மடலுக்குப் பங்குப் பேரவையினர் பதினொரு செய்திகள் கொண்டுவந்தனர். முதன்மை மடலுக்குத் தேறியது ஒன்று: இருபத்திரண்டு ஆண்டுகள் விடியற்காலை மணியடித்த முதியவர் முழங்கால் வலியால் ஓய்வு பெறுகிறார், மணிக்கூண்டுப் படிகள் ஏற ஓர் இளைஞர் தேவை. மற்றைய பத்தும் இணைப்புத் தாளில் உள்ளன.