தும்பை பூத்த வட்டம்

தொம்மலூரில் எங்கள் தெருவுக்குப் புதிதாக யார் குடிவந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" வேலூர், தர்மபுரி, ஆம்பூர் என்று ஒரு பதில் வந்துவிடும். மூன்று தலைமுறையாக பெங்களூரிலேயே இருப்பவர்களும் தாத்தாவின் ஊரைச் சொல்லிவிடுவார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத ஒரு சமூகம் தனக்கென்று ஓர் ஊரை உண்டாக்கிக்கொண்ட இடம் கிழக்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டரில் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்க்கத்தான் கிளம்பினேன்.

இந்திராநகரில் மெட்ரோ ஏறி, ஹோப் ஃபார்ம் நிலையத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்தேன். ஒயிட்ஃபீல்டு என்றதும் கண்ணாடிக் கட்டடங்களும் ஐ.டி. நிறுவனப் பேருந்துகளும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். நான் தேடிப்போனது அங்கே இன்னர் சர்க்கிள் என்ற பழைய குடியிருப்பை. பிரதான சாலையிலிருந்து உள்ளே திரும்பியதுமே ஹாரன் சத்தம் குறைந்துவிட்டது. வட்டமாக வளைந்து போகும் தெரு, மழைமர நிழல், ஓட்டுக்கூரைக்கு முன்னால் மரச் சட்டங்களைக் கூம்பாக இறக்கிக் கட்டிய பழைய பங்களா. பெங்களூர்க்காரர்கள் இந்த முகப்பை 'மங்கி டாப்' என்பார்கள்.

டேவிட் இம்மானுவேல் ஸ்டார்க்கன்பர்க் ஒயிட் என்பவரின் பெயர்தான் ஊருக்கு. ஆங்கிலோ இந்தியர்களுக்காகச் சென்னையில் சங்கம் கண்டவர் அவர். ரயில்வே, தந்தி, சுங்கம் என்று அரசாங்க வேலையை மட்டுமே நம்பியிருந்தது அவருடைய சமூகம். அந்தக் கதவு மூடினால் என்ன செய்வது? கையில் நிலம் வேண்டும், உழுது பிழைக்கக் கற்க வேண்டும் என்று அவர் நினைத்தார். 1882இல் மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜேந்திர உடையார் ஏறத்தாழ 3,900 ஏக்கர் கொடுத்தார். அன்று இங்கே இருந்தது புதர் மண்டிய செம்மண் மேடு. ஆவாரையும் கள்ளியும் முளைக்கிற பூமி. மழை பெய்தால் ராகி, கொள்ளு. இங்கிலாந்தில் ஊரைச் சுற்றிப் புதர்ச்செடி பூத்துக் கிடக்கும் பொட்டல்வெளியை ஆங்கில நாவல்களில் படித்திருக்கிறேன். அந்தமாதிரி வெளிக்கு நடுவே ஒரு பசுந்திடல், அதைச் சுற்றி வீடுகள், பக்கத்தில் ஒரு தேவாலயம் என்று இங்கே கோடு போட்டார்கள். கண்ணால் பார்த்திராத முப்பாட்டன் ஊரை நினைவிலிருந்து வரைந்ததுபோல் எனக்குத் தோன்றியது. குடியேற்றம் தொடங்கி ஏழே ஆண்டுகளில், 1889இல், ஒயிட் இறந்துபோனார். விவசாயமும் அவர் எண்ணியபடி தழைக்கவில்லை. ஊர் மட்டும் நின்றது.

சர்ச்சில் இளம் ராணுவ அதிகாரியாகப் பெங்களூரில் இருந்தபோது இங்குள்ள வேவர்லி விடுதிக்கு வந்துபோனார் என்றொரு கதையை ஆட்டோக்காரர்கூடச் சொன்னார். எனக்கு அதில் அக்கறையில்லை. வந்துபோனவரைப் பற்றிய கதையைவிட, இங்கேயே வாழ்ந்து மண்ணானவர்களின் கதை பெரிது.

ஒரு வீட்டு வாசலில் பெரியவர் ஒருவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் ஆங்கிலத்தில் தொடங்கினேன். அவர் தமிழில் பதில் சொன்னார்.

"எங்கேருந்து வர்றீங்க, தம்பி?"

"தொம்மலூர் சார். உங்களுக்குச் சொந்த ஊர்?"

"இதுதான் ஊரு. எங்க தாத்தா காலத்துலேர்ந்து இங்கதான். பசங்க ஆஸ்திரேலியாவுல இருக்காங்க. விக்கச் சொல்றாங்க. எனக்கு மனசு வரல."

எதிர்வரிசையில் இரண்டு மனைகளில் பங்களா இடிந்து அடுக்குமாடி எழுந்திருந்தது. மிச்சமுள்ளவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வேலியோரம் குனிந்து பார்த்தபோது தும்பை பூத்திருந்தது, வெள்ளை வெள்ளையாக. எங்கள் தொம்மலூருக்குத் தும்பையால்தான் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். அங்கே சொக்கப்பெருமாள் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊருக்குத் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் ஒரு பெயர் உண்டு என்பதும், கோயிலுக்கு யாரோ இரண்டு நிலைக்கால்கள் கொடுத்தார்கள் என்பதும் அந்தக் கல்லால்தான் நமக்குத் தெரிகிறது. தொம்மலூரில் இன்று தும்பை முளைக்க ஒரு முழம் மண் இல்லை. ஆனாலும் ஊரின் பெயர் கல்லில் இருக்கிறது. ஒயிட்ஃபீல்டுக்குக் கல்வெட்டு கிடையாது. இந்த வீடுகளும் இந்த வட்டத்தெருவும்தான் அதன் கல்வெட்டு.

மிச்சமுள்ள அந்தச் சில வீடுகளையும் நடுத்திடலையும் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்து அரசு காக்க வேண்டும். பெரியவரைப்போல விற்க மனம் வராதவர்கள் இன்னும் அங்கே இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.