பெயரிற் பத்து, தொகையிற் பதினெட்டு

மலர்க்குழுவினர் என்பால் வந்து இலக்கணம் பற்றி ஒரு கட்டுரை வேண்டினர். இலக்கணம் எழுதினால் அந்தப் பக்கத்தைப் புரட்டி அப்பாற் செல்வோர் யார் யாரென யான் நன்கறிவேன். அவருட் பலர் என்னிடம் பயின்றவரே. ஆதலின் விளையாட்டைப் பற்றி எழுதத் துணிந்தேன். அதுவும் நம் மைதானத்து விளையாட்டன்று. யான் ஒருநாளும் நேரிற் கண்டிராத அமெரிக்க விளையாட்டு. எனினும் இலக்கணம் இடையே தலைகாட்டும். பழைய மாணாக்கர் பொறுத்தருள்வாராக.

நம் கல்லூரியில் உயர்தரம் பயின்று, பேராதனையிற் பொறியியல் முடித்து, மேற்படிப்பின்பொருட்டு ஓரிகன் மாநிலத்துக் கோர்வாலிஸ் நகருக்குச் சென்ற மாணவன் ஒருவன் உளன். என்னோடு பேசுங்கால் ஆங்கிலச் சொல்லை இயன்றவரை தவிர்ப்பவன். 2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 5 ஆம் நாள், சனிக்கிழமைக் காலையில், தொலைபேசியில் அழைத்தான். குரல் கம்மியிருந்தது. “சேர், எங்கட சங்கம் குலைஞ்சு போச்சு. ஒரே நாளிலை அஞ்சு பேர் வெளிக்கிட்டிட்டினம்” என்றான். அங்குள்ள தமிழ்ச் சங்கந்தான் பிளவுபட்டதென்று எண்ணி, “அது எங்கும் நடப்பதுதானே தம்பி” என்று ஆறுதல் கூறினேன். அவன் சற்று நேரம் பேசாதிருந்து, பின்னர் விளக்கத் தொடங்கினான். வெளியேறியவை ஐந்து பல்கலைக்கழகங்கள்: ஓரிகன், வாஷிங்டன், அரிசோனா, அரிசோனா மாநிலம், யூட்டா. குலைந்தது பசிபிக் கரையோரத்துப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுச் சங்கம்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் தம்முட் பொருதற்கு அமைத்துக்கொண்ட கூட்டினை அவர்கள் ‘கொன்பரன்ஸ்’ என்பர். அகராதியைப் புரட்டி ‘மாநாடு’ எனப் பொருள்கொண்டு யான் இரண்டு நாட்கள் மயங்கினேன். மாநாட்டிலிருந்து வெளியேறுவானேன், மீண்டும் உட்புக வேண்டியதுதானே என்று. மாணவன் கூறிய ‘சங்கம்’ என்னும் சொல்லே பொருந்துவது. அவர்கள் ‘புட்போல்’ என அழைக்கும் ஆட்டமும் நம் உதைபந்தாட்டமன்று. முட்டை வடிவான பந்தைக் கையிலேந்தி ஓடுதலும் எறிதலுமே அதிற் பெரும்பான்மை, உதைத்தல் சிறுபான்மை.

பசிபிக் சங்கத்தின் வேர் 1915 ஆம் ஆண்டிற் செல்கின்றது. கலிபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், இன்று ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகமென வழங்கும் கோர்வாலிஸ் நிறுவனம் ஆகிய நான்கும் அதனைத் தொடங்கின. 1959 இல் அது ஒருமுறை கலைந்து வேறு பெயரோடு எழுந்தபோது, கோர்வாலிஸ் நிறுவனம் 1964 வரை வெளியே நிற்க நேர்ந்தது. ஆகவே தனித்து விடப்படுதல் அதற்குப் புதிதன்று. எனினும் 2023 இல் நேர்ந்தது வேறுவகை. பன்னிரண்டு உறுப்பினருட் பதின்மர் போய்விட, ஓரிகன் மாநிலமும் வாஷிங்டன் மாநிலமுமே எஞ்சின. இரண்டும் சிறு நகரங்களில் அமைந்தவை. அவற்றின் பிழை அவ்வளவே.

இதன் காரணத்தை அறியப் புகுந்த யான் பல இரவுகளைச் செலவிட்டேன். தமிழாசிரியனுக்கு இது வேண்டாத வேலையென்று வீட்டிலே கூறினர். மறுக்கவில்லை.

தொலைக்காட்சி பரவத் தொடங்கிய காலத்தில், அதனால் மைதானத்துக்கு வருவோர் குறைவர் என அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அஞ்சின. அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டுகளை ஆளும் தேசிய சபை, 1951 தொட்டு ஒளிபரப்பைத் தன் கைக்குட் கட்டுப்படுத்திற்று. 1982 இல் தொடங்கிய திட்டத்தில் ஏபிசி, சிபிஎஸ் ஆகிய இரு நிறுவனங்களும் நான்கு ஆண்டுகளுக்குத் தலைக்கு 13 கோடியே 17 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் தர இசைந்தன. எந்தப் பல்கலைக்கழகமும் ஈராண்டில் ஆறு முறைக்குமேல் தொலைக்காட்சியிலே தோன்றலாகாது என்பதும் விதி. இதற்கு முந்திய ஏற்பாட்டின்கீழ் 1981 இல் நடந்ததொன்று கேட்கத்தக்கது. ஓக்லஹோமாவும் தென் கலிபோர்னியாவும் பொருத ஆட்டத்தை 200 நிலையங்கள் ஒளிபரப்பின. அதே வார இறுதியில் சிற்றடெல், அப்பலாச்சியன் மாநிலம் ஆகிய சிறு அணிகளின் ஆட்டம் நான்கு நிலையங்களிலே வந்தது. நான்கு அணிகளுக்கும் கிடைத்த ஒளிபரப்புப் பணம் ஒன்றே. சமபந்தி என்பது இதுவே.

பெரிய அணிகள் இதைப் பொறுக்குமோ? ஓக்லஹோமாவும் ஜோர்ஜியாவும் வழக்குத் தொடுத்தன. 1984 ஜூன் 27 ஆம் நாள் அமெரிக்க உயர் நீதிமன்றம், இக்கட்டுப்பாடு வணிகப் போட்டியைத் தடுப்பது, சட்டவிரோதமானது என எழுவர்க்கு இருவராகத் தீர்ப்பளித்தது. மறுத்த இருவருள் ஒருவரான பைரன் வைற் இளமையிற் கொலராடோப் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற ஆட்டக்காரர். கல்லூரி விளையாட்டைக் கடைச்சரக்கோடு ஒப்ப வைத்து நோக்கலாகாதென்பது அவர் கருத்து. சட்டம் அறியேன், ஆயினும் அந்த நீதிபதிகளுள் மைதானத்துப் புழுதியை மிக உண்டவர் அவரே என்பதை மறக்க இயலவில்லை.

அன்று தொடங்கிற்று ஏலம். எத்தனை பேருள்ள ஊரைத் தன் எல்லைக்குட் கொண்டுள்ளது என்பதே சங்கத்தின் மதிப்பாயிற்று. கேபிள் வழியாகத் தொலைக்காட்சி பெறும் வீட்டார், தாம் பார்க்கினும் பாராதொழியினும், மாதக் கட்டணத்தில் ஒரு பங்கை விளையாட்டு அலைவரிசைக்குக் கொடுத்தே தீரவேண்டும். மத்திய மேற்கிற் பிறந்த பிக் டென் சங்கம் 2007 இல் தனக்கென ஓர் அலைவரிசையைத் தொடங்கியபின், 2014 இல் கிழக்கே மேரிலாந்தையும் நியூ ஜேர்சியின் ரட்கர்சையும் சேர்த்துக்கொண்டதன் சூட்சுமம் இதுவே. ரட்கர்சின் ஆட்டத்திறனைக் கண்டு மயங்கினாரல்லர். நியூயோர்க்கு வீடுகளின் தொகையைக் கண்டு மயங்கினர்.

இப்போது இலக்கணம். காரணப்பெயர், இடுகுறிப்பெயர் என்னும் பாகுபாட்டைத் தரம் 10 இற் படிப்பிக்கையில் நாற்காலி, பறவை என்று கூறிக் களைத்துவிட்டேன். இனிமேல் அமெரிக்க உதாரணமே தருவேன். ‘பிக் டென்’ என்றாற் பெரிய பத்து. 1990 இல் அதன் உறுப்பினர் பதினொன்று, இன்று பதினெட்டு. ‘பிக் 12’ என்னும் மற்றொரு சங்கத்தில் இன்று பதினாறு. 2011 இலோ, பத்தென்ற பெயருடையதிற் பன்னிரண்டும் பன்னிரண்டென்ற பெயருடையதிற் பத்தும் இருந்தன! ‘அத்லாந்திக் கரையோரச் சங்கம்’ 2024 முதல் ஸ்ரான்போர்ட்டையும் பேர்க்லியையும் உறுப்பினராகக் கொண்டுள்ளது; இரண்டும் பசிபிக் சமுத்திரத்துக்கு அண்மையில் உள்ளவை. காரணம் ஓடிப்போகப் பெயர்மட்டும் நிற்கும் இதனை எவ்வகையுட் சேர்ப்பதென்று எந்த நூலாசிரியரும் கூறிற்றிலர்.

சிரிப்புக்கிடமாயினும், இதனால் அறுந்த உறவுகள் சிரிப்புக்குரியனவல்ல. டெக்சாஸ் பல்கலைக்கழகமும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் 1894 முதற் பொருதுவந்தவை. இடைத்தூரம் ஏறக்குறைய 170 கிலோமீற்றர். 2011 இல் டெக்சாசுக்கென ஈஎஸ்பிஎன் நிறுவனம் 20 ஆண்டுகளுக்கு 30 கோடி டொலர் ஒப்பந்தத்தில் தனி அலைவரிசை அமைத்தது. அயலவர் சினந்து, 2012 இல் தென்கிழக்குச் சங்கத்துக்குப் பெயர்ந்தனர். அதன்பின் பன்னிரண்டு பருவங்கள் அவ்விரு அணிகளும் களத்திற் சந்திக்கவில்லை. ஆட்டத்தைக் கட்டாயமாக்க 2013 இல் மாநிலச் சட்டசபையிலே மசோதாவே கொண்டுவந்து பார்த்தனர்; பலிக்கவில்லை. 2024 இல் டெக்சாசும் அதே தென்கிழக்குச் சங்கத்துட் புகுந்தபின்னரே, அவ்வாண்டு நவம்பர் 30 ஆம் நாள் மீண்டும் பொருதன. சினந்து பிரிந்ததும் ஒளிபரப்புப் பணத்தால், சேர்ந்ததும் அதனால்.

தொகைகளைக் கூறினால் நம் கணித ஆசிரியரே தலைசுற்றுவார். தென்கிழக்குச் சங்கத்தின் முதன்மை ஆட்டங்களுக்குச் சிபிஎஸ் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 5 கோடியே 50 இலட்சம் டொலர் கொடுத்துவந்தது. 2024 முதல் ஈஎஸ்பிஎன் கொடுப்பது ஏறக்குறைய 30 கோடி. 2022 ஓகஸ்டில் பிக் டென் மூன்று நிறுவனங்களோடு செய்த ஏழாண்டு ஒப்பந்தம் 700 கோடிக்கும் மேலென்று செய்தித்தாள்கள் எழுதின. அதற்குச் சில வாரங்களின் முன்னரே, ஜூன் 30 இல், லொஸ் ஏஞ்சல்சின் இரு பெரும் பல்கலைக்கழகங்களும் பசிபிக் சங்கத்தை விட்டு அங்கே செல்வதாக அறிவித்திருந்தன. அந்த நகரத்தை இழந்த சங்கம் விலைபேசக் காலந்தாழ்த்தியது. பிக் 12 முந்திக்கொண்டு தன் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தது. ஈற்றில் அப்பிள் கம்பனி, இணையவழிச் சந்தாதாரரின் தொகையைப் பொறுத்துப் பணம் கூடும் என்றொரு திட்டத்தை முன்வைத்தது. அதனை நம்பியிருக்க ஓரிகனும் வாஷிங்டனும் விரும்பவில்லை; குறைந்த பங்குக்கேனும் பிக் டென்னில் இடம்பெறுவோமென்று போயின. டலாஸ் நகரத்துச் சதேர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகமோ, ஒன்பது ஆண்டுகளுக்கு ஒளிபரப்புப் பங்கே வேண்டாம், பந்தியில் ஓர் இலை போட்டால் போதும் என்று அத்லாந்திக் சங்கத்துட் புகுந்தது.

இவர்களைப் பேராசைக்காரர் என்று கூறிவிட்டு எழுந்து போகலாம். யானும் முதலில் அவ்வாறே கூறினேன். ஆயின் ஸ்ரான்போர்ட் போன்ற செல்வப் பல்கலைக்கழகமே 2020 இல் பணமுடையெனச் சொல்லிப் பதினொரு விளையாட்டுக்களை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்புக்குப்பின் 2021 இல் அதனை மீட்டுக்கொண்டது. நீந்துவோர்க்கும் வாட்போர் பயில்வோர்க்கும் செலவிடும் பணத்தைப் பெரும்பாலும் ஈட்டித் தருவது இந்த முட்டைப் பந்தே. அதே நீச்சற்காரரும் கரப்பந்தாட்டப் பெண்களும் இன்று லொஸ் ஏஞ்சல்சிலிருந்து நியூ ஜேர்சிக்கு ஏறக்குறைய 4000 கிலோமீற்றர் பறந்து ஆடித் திரும்பவேண்டியிருப்பதும் உண்மை. தம்மைக் காக்கவந்த பணத்துக்குத் தம் தூக்கத்தையும் பாடவேளையையும் அவர்கள் வட்டியாகக் கொடுக்கின்றனர். களத்தில் ஆடி அப்பணத்தை ஈட்டிய இளைஞர்க்கு, பல்கலைக்கழகங்கள் நேரே பங்கு கொடுக்க வழிபிறந்தது 2025 ஜூனில் ஒரு நீதிமன்ற இணக்கத்தின் வாயிலாகவே. முதலாண்டிற் பல்கலைக்கழகமொன்று 2 கோடியே 5 இலட்சம் டொலர்வரை பகிரலாம் என்றாயிற்று. 1984 இலிருந்து எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவையும் படித்துக்கொண்டிருந்த காலத்திலேதான் நம் கல்லூரிக்கும் ஒரு சோதனை வந்தது. அயற்கல்லூரியோடு ஆண்டுதோறும் நாம் ஆடும் துடுப்பாட்டத்தை ஒளிபரப்ப ஒரு நிறுவனத்தார் கேட்டுவந்தனர். ஐந்தாண்டு உரிமை, ஆட்டம் வசதிமிக்க வேறொரு மைதானத்தில், நாளை அவர்களே குறிப்பர், வேறெவரும் படம்பிடித்து ஒளிபரப்பலாகாது. கைம்மாறாக அவர்கள் சொன்ன தொகை விடுதிக் கூரையை முழுவதும் மாற்றப் போதுமானது.

இன்றைய ஒளிபரப்பை நீவிர் அறிவீர். உயர்தர வகுப்பு மாணவர் இருவர் மண்டப மேல்மாடியிற் கைத்தொலைபேசியொன்றைக் கட்டிவைத்து, வாயில் வந்ததை வருணித்துக்கொண்டிருப்பர். காலை 9.30 க்குத் தொடங்கும் ஆட்டத்தை இலண்டனில் அதிகாலை 4 மணிக்கும், ரொறன்ரோவில் முன்னிரவு 11 மணிக்கும், கோர்வாலிசில் இரவு 8 மணிக்கும் நம்மவர் பார்த்திருப்பர். படம் நடுங்கும், காற்றடித்தால் ஒலி கேளாது. ஒருமுறை காகமொன்று முழு ஓவரையும் மறைத்து நின்றது.

குழுவில் ஒன்பதின்மர். யான் டெக்சாஸ் கதையைக் கூறினேன். இருவர் கொட்டாவி விட்டனர். அதிபர் மட்டும் முழுவதையுங் கேட்டுவிட்டு, “நீர் சொல்லுறது சரி மாஸ்ரர். மாரியிலை விடுதியிலை படுக்கிற பிள்ளைக்கும் இதைப் போய்ச் சொல்லும்” என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை, இன்றும் இல்லை. வாக்கெடுத்தபோது நால்வர் சார்பு, ஐவர் எதிர். ஐந்தாவது கை என்னுடையது.

நிறுவனத்தார் வேறிடம் சென்றனர். கார்த்திகை மழையில் விடுதிப் பொறுப்பு என் முறைக்கு வந்த இரவொன்றில், பதினொரு கட்டில்களை மாணவரோடு சேர்ந்து சுவரோரம் இழுத்துப் போட்டேன். ஒருவனும் ஒன்றுங் கூறவில்லை. கூறியிருந்தால் நன்றாயிருக்கும்.

கோர்வாலிஸ் மாணவன் இடையிடையே செய்தி அனுப்புவான். 2024 செப்டெம்பர் 14 இல், கைவிடப்பட்ட வாஷிங்டன் மாநிலம், விட்டுச்சென்ற வாஷிங்டனை 24க்கு 19 என வென்ற அன்று, தன் அணியே வென்றதுபோல எழுதியிருந்தான். அவ்விரு அணிகளும் பொருதும் ஆட்டத்துக்கு ‘அப்பிள் கிண்ணம்’ என்று பெயர். அம்மாநிலத்துப் பழ விளைச்சலால் வந்த காரணப்பெயர். முன்சொன்ன கம்பனிக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதே நாளில் அவனது சொந்த அணி ஓரிகனிடம் 49க்கு 14 எனத் தோற்றதை அவன் எழுதவில்லை. யானே தேடி அறிந்தேன்.

இவ்வாண்டு நம் ஆட்டத்தின் முதல்நாள் மதியபோசன இடைவேளையில் என் தொலைபேசி ஒலித்தது. “சேர், வேப்பமரத்தடியிலை குடையோடை நிக்கிறது நீங்கள்தானே?” என்றான். ஆமென்றேன். “கமராவைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பச் சொல்லுங்கோ. எங்கட விடுதியைப் பாக்கவேணும்.” மேல்மாடியை நோக்கிக் கைகாட்டினேன். பையன்கள் கமராவை மெல்லத் திருப்பினர். ஓடுகளின்மேல் நாம் கட்டிவைத்த நீலப் படங்கு வெயிலிற் பளபளத்துக்கொண்டிருந்தது.