மடக்கு மேசையும் முல்லா வீதி வீடும்

புதுவை நகரின் தென்பகுதியில், முல்லா வீதியில், என் பாட்டனார் காலத்து வீடு ஒன்று இருந்தது. 2019ஆம் ஆண்டில், பாகப்பிரிவினைக்குப் பின், அதனை விற்பதென்று முடிவாயிற்று. வாங்குபவர் இடித்துவிடுவார் என்பதை எல்லோரும் அறிந்திருந்தோம். பத்திரப்பதிவுக்கு இரண்டு திங்கள் இருந்தன. திண்ணை, நடை, முற்றம், தாழ்வாரம், கூடம் என ஒவ்வோர் உறுப்பையும் அளந்து, வீட்டார் வழங்கிய பெயரோடு வரைந்துவைக்க விழைந்தேன். ஒளிப்படம் போதாதோ எனச் சிலர் வினவினர். ஒளிப்படம் சுவரின் கனத்தைச் சொல்லாது.

ஒழிக்கப்பட்ட வீட்டில் வரைவதற்கு மேசை ஏது? வண்டியில் கட்டிச் செல்லத்தக்க மடக்கு மேசை ஒன்றை நானே செய்யத் துணிந்தேன். அதற்கான வடிவம் வீட்டிலேயே இருந்தது. குர்ஆன் ஓத விரித்துவைக்கும் ரைஹால் பலகையைக் கூர்ந்து நோக்கியிருக்கிறீர்களா? ஒரே பலகையை இருபுறமிருந்தும் பாதிக் கனமாகப் பிளந்து, இடையில் விரல் கோத்தாற்போல் வெட்டிவிடுகிறார் தச்சர். ஆணியும் இல்லை, கீலும் இல்லை. விரித்தால் நிற்கும், மடித்தால் மீண்டும் பலகையாகும்.

அப்பெருக்கல் குறி வடிவையே கால்களுக்குக் கொண்டேன். 85 செ.மீ. நீளத்தில் நான்கு தேக்குச் சட்டங்கள். பக்கத்துக்கு இரண்டாக, நடுவில் துளையிட்டு மரையாணி பூட்டினேன். சம நீளக் கால்களைச் சரி நடுவில் பூட்டினால் மேற்பகுதி தரைக்கு இணையாக நிற்கும். அடிகள் 45 செ.மீ. அகன்றால் உயரம் 72 செ.மீ. ஆகும், பள்ளியில் கற்ற செங்கோண முக்கோணம் இங்கே கைகொடுக்கிறது. கால்கள் மேலும் விரியாதிருக்கக் கட்டில் நாடாவைக் குறுக்கே கட்டினேன். மேற்சட்டகத்தில் ஓரிணைக் கால்கள் கீலில் ஆடும். மற்றவை பள்ளத்தில் அமரும்.

மேற்பலகை 650க்கு 470 மி.மீ., ஏ2 தாளுக்குரிய அளவு. 12 மி.மீ. ஒட்டுப்பலகையாதலால் எடை ஏறத்தாழ இரண்டரைக் கிலோதான். முன்விளிம்பைக் கீலில் பொருத்திப் பின்விளிம்பை 12 செ.மீ. உயர்த்த, 15 பாகைச் சாய்வு கிட்டியது. மண்டிகளில் கணக்குப்பிள்ளைமார் சம்மணமிட்டு எழுதிய சாய்வு மேசையைக் கண்டவர்களுக்கு இதன் அருமை விளங்கும். கீல், திருகாணி யாவும் பித்தளை. புதுவைக் கடற்காற்று இரும்பை விட்டுவைப்பதில்லை.

நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு திங்கள் முயன்று செய்த சக்கரத்தை அதியமானுக்கு உவமையாக்குகிறார் ஔவையார் (புறநானூறு 87). என் மேசைக்கும் ஒரு திங்கள் பிடித்தது. எட்டுத் தேரைப் பற்றி மாணவர்கள் கேளாதிருப்பார்களாக!

வரைவும் தச்சும் ஒருவர் கையில் கூடுவது புதுவைக்குப் புதிதன்று. ஜப்பானிய வழிவந்த அமெரிக்கர் ஜார்ஜ் நகாஷிமா 1937இல் இங்கு வந்து, அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்த அரவிந்தர் ஆசிரம விடுதியான கோல்கொண்டேயின் கட்டுமானத்தை 1939 வரை மேற்பார்த்தார். பின்னாளில் மரப்பணியாலேயே உலகப்புகழ் எய்தினார். ஹைதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் நிஜாம் அரசு வழங்கிய கொடை அவ்விடுதிக்கு உதவிற்று. அந்நன்றியே கோல்கொண்டா என்னும் வைர நகரின் பெயராய் அங்கு நிற்கிறது.

எஞ்சிய ஒரு திங்களில் வீடு முழுவதையும் 1:50 அளவில் வரைந்தேன். 25 மீட்டர் நீள வீடு தாளில் அரை மீட்டராயிற்று. அடுக்களைச் சுவரில் ஆளுயரக் குழிவு ஒன்று உண்டு. அதை அலமாரி என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். அளந்தபோது, 45 செ.மீ. சுவர் அவ்விடத்தில் மட்டும் 23 செ.மீ.தான் என்று தெரிந்தது. பக்கத்து வீட்டு மாமியிடம் தாளைக் காட்டினேன்.

"அது அலமாரி இல்ல தம்பி, வாசலு! உங்க பாட்டியும் எங்க உம்மாவும் தெருவுக்கு வராம அது வழியாத்தான் போய் வருவாங்க" என்றார்.

அவ்வாசலைப் புள்ளிக்கோட்டால் குறித்தேன். 2020இல் வீடு இடிக்கப்பட்டது. எட்டுத் தாள்களும் எங்கள் தமிழ்த்துறையில் உள்ளன. மேசை இப்போது இரண்டாமாண்டு மாணவர் இருவரிடம் இருக்கிறது. காஜியார் வீதியில் ஒரு வீட்டை அளந்துகொண்டிருக்கிறார்கள்.