பின்பலகைக்குள் மழை

"நீங்களே தட்டிப் பாருங்க சார்" என்று சுத்தியலை நீட்டினார் மேஸ்திரி. போட்டின் பக்கவாட்டில் தட்டினேன், டங், டங். பின்பலகைக்கு வந்ததும் சத்தம் மாறியது. நனைந்த அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் தொப், தொப். வெளியே நீலச் சாயம் பளபளவென்று இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

வேளாங்கண்ணிக்குப் பக்கத்தில் செருதூர். பங்குனி வெயில். வீட்டு வாசலிலேயே மணல் மூட்டைகளின் மேல் ஏற்றி, கீற்றுப் பந்தல் போட்டு வைத்திருந்தார்கள் அந்த ஃபைபர் போட்டை. சுனாமிக்கு அடுத்த வருடம் உதவியாகக் கிடைத்தது. 2004 டிசம்பருக்குப் பிறகு இந்தக் கரை முழுக்க இப்படிப் போட்டுகள் வந்து இறங்கின. செய்தவர்களில் பொறுமையாகச் செய்தவர்களும் உண்டு, செய்து தள்ளியவர்களும் உண்டு. "இனிமே மரமே வேணாம், உளுத்துப் போற கவலையே இல்லன்னு சொல்லிக் குடுத்தாங்க" என்று போட்டுக்காரப் பெரியவர் சிரித்தார்.

மரம் உள்ளேதான் இருக்கிறது. ஃபைபர் தோல் மட்டும் என்றால் வளையும். லாங்டெயில் எஞ்சினின் எடையையும் உதறலையும் தாங்காது. அதனால் இரண்டு தோலுக்கு நடுவே பிளைவுட் வைத்து மூடுகிறார்கள். எஞ்சின் கட்டையும் அப்படித்தான். நல்லதாக வாங்கினால் ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் பிளை. 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் அதன் ஒட்டு விடக்கூடாது என்பது சோதனை. ஒட்டு விடாதுதான். ஆனால் ஈரத்தில் மாதக்கணக்காக அடைபட்டுக் கிடந்தால் அந்த மரமும் பூஞ்சைக்கு இரைதான்.

ஈரம் எப்படிப் போகிறது? கடல்தான் குற்றவாளி என்று நினைத்திருந்தேன். மேஸ்திரி இல்லையென்று தலையாட்டினார். "கடத் தண்ணி கருவாடு போடும் சார். அழுக வைக்கிறது மழைத் தண்ணி." உப்பில் பூஞ்சைக்கு அவ்வளவு செழிப்பில்லை என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். ஐப்பசி, கார்த்திகையில் போட்டு கரையில் நிற்கும். எஞ்சின் போல்ட்டுகளின் ஓட்டை வழியே சொட்டுச் சொட்டாக இறங்கும் மழைநீர் வெளியே வர வழியில்லாமல் தங்கிவிடும். கட்டுமரக் காலத்தில் கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே காயப் போடுவார்கள். ஃபைபரை எங்கே அவிழ்ப்பது?

அறுத்துத்தான் அவிழ்க்க வேண்டும். கிரைண்டரால் உள்பக்கத் தோலை மட்டும் அறுத்து எடுத்தார். வெளித்தோலைத் தொடவில்லை, புது மரத்துக்கு அதுதான் அச்சு. உள்ளே பலகை என்று சொல்ல ஒன்றுமில்லை. கறுத்து ஈரமான தூளைக் கையால் அள்ளிப் போட்டோம். புளித்த வாடை. பழைய போல்ட் ஓட்டை ஒவ்வொன்றையும் சுற்றி அழுகல் வட்டமாகப் பரவியிருந்தது.

அதன் பிறகு நான்கு நாள் வேலையே நடக்கவில்லை. அறுத்த இடம் காய வேண்டும். ஈரம் மிஞ்சிய இடத்தில் பாலியெஸ்டர் ரெசின் பிடிக்காது, பிடித்ததுபோல் நடிக்கும். பெரியவருக்கோ அவசரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. சிறு போட்டுகள் போகலாம், அப்போதுதான் மீனுக்கு நல்ல விலை. தினமும் காலையில் வந்து, "என்ன மேஸ்திரி, இன்னைக்கி அடிச்சிரலாமா?" என்பார். "காயல மாமா" என்ற ஒரே பதிலோடு மேஸ்திரி டீ குடிக்கப் போய்விடுவார். அந்த நான்கு நாள் டீக்கடையில் உட்கார்ந்திருந்ததைத்தான் அவருடைய தொழில்திறமையின் உச்சம் என்று சொல்வேன்.

ஐந்தாம் நாள் ரெசின் வாளி திறந்தது. மூக்கைத் துளைக்கும் வாடை. ஒரு கிலோ ரெசினுக்குக் கேட்டலிஸ்ட் பத்திலிருந்து இருபது கிராம். இந்த வெயிலுக்குக் குறைந்த அளவே போதும். மேஸ்திரியின் அளவுகோல் ஒரு பாட்டில் மூடி. உடனிருந்த பையன் ஒருமுறை கூடுதலாக ஊற்றிவிட்டான். கண்ணாடியிழை மேட்டில் தடவுவதற்குள் டப்பாவிலேயே கட்டியாகிப் புகைந்தது. ரெசினை விரைவாக இறுக வைக்கச் சேர்க்கும் கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேருக்கு நேர் சேர்ந்தால் வெடித்துவிடும் என்பதால் இரண்டு பாட்டில்களையும் வாசலின் இரண்டு மூலையில் வைத்திருந்தார்கள். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது.

அறுத்த விளிம்பைச் சரிவாகத் தேய்த்திருந்தார். தோலின் கனம் அரை சென்டிமீட்டர் என்றால் சரிவு ஆறு சென்டிமீட்டர். செங்குத்தாக வெட்டி ஒட்டினால் அந்தக் கோட்டிலேயே விரியுமாம். புதுப் பலகையின் மூலைகளைப் புட்டி வைத்து உருட்டினார், கண்ணாடியிழை மேட் கூர்முனையில் மடங்காது என்பதால். பிறகு மேட், ரெசின், ரோலர். காற்றுக் குமிழி ஒன்றுகூட விடாமல் உருட்டினார்.

கடைசியில் செய்த வேலைதான் முக்கியமானது, யார் கண்ணுக்கும் தெரியாதது. 12 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 18 மில்லிமீட்டரில் ஓட்டை போட்டு, அதை ரெசின் புட்டியால் முழுக்க அடைத்து, இறுகிய பிறகு நடுவில் 12-இல் மறுபடி துளைத்தார். இனி தண்ணீர் இறங்கினாலும் புட்டியைத்தான் தொடும், மரத்தை அல்ல. முதலில் கட்டியவர்கள் இதைச் செய்திருந்தால் இந்தப் பலகை அழுகியிருக்காது.

கண்ணாடியிழைத் தூசி பறக்கக் கிரைண்டர் ஓடிய ஒரு மணி நேரம் பக்கத்தில் நின்றதற்கே எனக்கு மூன்று நாள் கை அரித்தது. மேஸ்திரி முகத்தில் கட்டியிருந்தது ஒரு கைக்குட்டை.

போட்டு வைத்திருப்பவர்கள் ஐப்பசி மழைக்கு முன் எஞ்சின் போல்ட் ஒன்றைக் கழற்றி, ஓட்டைக்குள் கம்பியை விட்டுப் பாருங்கள். ஈரத்தூள் ஒட்டி வந்தால் உடனே மேஸ்திரியைக் கூப்பிடுங்கள். அப்போது சேதம் பாதிப் பலகையோடு நின்றுவிடும். கூப்பிடும்போது அவருக்கும் உடன்வரும் பையனுக்கும் நல்ல முகமூடி இரண்டு வாங்கி வையுங்கள்.