பணம் கட்டும் முன்னால் இரண்டு பாட்டு

மாஷப் செய்யப் போகிறேன், எந்த மென்பொருள் வாங்கலாம் என்று பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள். எந்த இரண்டு பாட்டைச் சேர்க்கப் போகிறாய் என்று நான் திருப்பிக் கேட்பேன். பலரிடம் பதில் இருப்பதில்லை. பாட்டு முடிவாகாமல் மென்பொருளுக்குப் பணம் கட்டக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

இளமையில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன் நான். திருவிழா மேடையிலும் கல்யாண வரவேற்பிலும் நாலைந்து பாட்டை நிறுத்தாமல் கோர்த்து வாசிப்போம். எது எதோடு சேரும் என்பது ஒத்திகையிலேயே தெரிந்துவிடும். சுருதி சேர வேண்டும், நடை சேர வேண்டும். கம்ப்யூட்டர் வந்த பிறகும் கணக்கு அதுதான்.

‘கவிக்குயில்’ (1977) படத்தில் இளையராஜா இசையில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய ‘சின்னக் கண்ணன் அழைக்கிறான்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ‘சுப்ரமணியபுரம்’ (2008) படத்துக்கு ஜேம்ஸ் வசந்தன் போட்ட ‘கண்கள் இரண்டால்’ பாட்டைப் பக்கத்தில் வையுங்கள். இரண்டுக்கும் அடிப்படை ரீதிகௌளை ராகம். நடுவே முப்பது வருஷம் ஓடியிருந்தாலும் சுருதியை ஒன்றாக்கிவிட்டால் ஒன்றின் உள்ளே இன்னொன்று நுழைய இடம் கிடைக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு பைசா செலவில்லை; இரண்டையும் முணுமுணுத்துப் பார்த்தால் போதும். சுருதியை அரைக் கட்டை, ஒரு கட்டை நகர்த்தினால் குரல் தாங்கும். அதற்கு மேல் போனால் பாடியவரின் குரலே மாறிப்போகும், கமகம் கெடும்.

நடை இன்னும் கறாரானது. திஸ்ர நடைப் பாட்டைச் சதுஸ்ர நடைப் பாட்டின் மேல் வைத்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளும் அதை உட்கார வைக்காது. நடை ஒன்றாக இருந்தாலும் பழைய பாட்டில் வேறொரு சிக்கல் வரும். ஐம்பது அறுபதுகளில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாகக் கூடி, காதில் மெட்ரோனோம் ஒலிக்காமல் வாசித்தார்கள். அதனால் வேகம் மெல்ல ஏறும், மெல்ல இறங்கும். அந்தப் பாட்டுகளுக்கு உயிரே அங்கேதான் இருக்கிறது. இன்றைய பாட்டுகளோ பெரும்பாலும் இம்மியும் பிசகாத வேகத்தில் ஓடுபவை. இரண்டையும் சேர்க்க, ஒவ்வொரு அடியையும் தனித்தனியாகப் பிடித்து இழுத்து வைக்கும் வசதி வேண்டும். ஏபிள்டன் லைவ் அதை ‘வார்ப்’ என்கிறது, ரீப்பர் ‘ஸ்ட்ரெட்ச் மார்க்கர்’ என்கிறது. மென்பொருள் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்த வசதியைத்தான். நூற்றுக்கணக்கான சின்தசைசர் ஒலிகள் கூடவே வருகின்றன என்ற விளம்பரம் மாஷப் செய்பவருக்குப் பயன்படாது.

குரலையும் இசையையும் பிரிப்பது ஒரு காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத வேலை. 2019-இல் டீசர் நிறுவனம் ‘ஸ்ப்ளீட்டர்’ என்ற கருவியை எல்லோருக்கும் திறந்துவிட்டது. இப்போது ‘அல்டிமேட் வோக்கல் ரிமூவர்’ இலவசமாகவே கிடைக்கிறது. பழைய மோனோ பதிவுகளில் மட்டும் வயலின் இழை குரலோடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். அதை மறைக்கும்படி கீழே வரும் இசையைத் தேர்ந்தெடுங்கள்.

தொடங்குவதற்கு ஆடாசிட்டி போதும். 2000-இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. சுருதி, வேகம் இரண்டையும் தனித்தனியாக மாற்றலாம். வீட்டில் ஆப்பிள் கம்ப்யூட்டர் இருந்தால் கேரேஜ்பேண்ட். கையில் போன் மட்டும்தான் என்றால் பேண்ட்லேப். இவற்றில் ஏதாவது ஒன்றில் இரண்டு மூன்று மாஷப் முடித்த பிறகு கை போதவில்லை என்று தோன்றினால் ரீப்பருக்குப் போங்கள். ஒரு தலைமுறையே பாட்டு கேட்ட வின்ஆம்ப்பை எழுதிய ஜஸ்டின் ஃப்ராங்கல் செய்தது அது. பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். 60 நாள் எல்லா வசதியோடும் பயன்படுத்திப் பார்க்கலாம். பிறகு வீட்டு உபயோகத்துக்கு 60 டாலர், நம் பணத்தில் ஐந்தாயிரம் ரூபாயை ஒட்டி வரும். அந்த நாட்கள் கழிந்தும் அது பூட்டிக்கொள்ளாது. நம்மை நம்பித் திறந்து வைத்திருக்கிறார்கள், அதனாலேயே தவறாமல் கட்டிவிடுங்கள் என்பேன். ஏபிள்டனின் பெரிய பதிப்பு மேடையில் வாசிப்பவர்களுக்கு அருமையான கருவி, ஆனால் விலை பல மடங்கு. அதன் ‘லைட்’ பதிப்பு சில கீபோர்டுகளோடும் ஆடியோ இன்டர்ஃபேஸ்களோடும் சேர்ந்தே வரும். ஏற்கெனவே வாங்கிய பொருளின் பெட்டிக்குள் பாருங்கள்.

‘கிராக்’ போட்டுத் தருகிறேன் என்று ஒரு நண்பன் வருவான். வேண்டாம். கூடவே வைரஸ் வரும் என்பது ஒரு காரணம். உழைத்து ஒரு கருவி செய்தவருக்குக் கூலி கொடுக்காமல் இசையை நேசிக்கிறேன் என்று சொல்ல முடியாது என்பது எனக்குப் பெரிய காரணம். இலவச மென்பொருளில் தொடங்குவதால் மிச்சமாகும் பணத்தில் நல்ல ஹெட்போன் வாங்குங்கள். போன் ஸ்பீக்கரில் கேட்டால் கீழ் ஸ்தாயியில் இரண்டு பாட்டின் பேஸ் மோதிக்கொள்வது காதுக்கே எட்டாது.

உரிமை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2004-இல் அமெரிக்காவின் டேஞ்சர் மவுஸ், ஜே-ஸீயின் ‘பிளாக் ஆல்பம்’ குரலையும் பீட்டில்ஸின் ‘ஒயிட் ஆல்பம்’ இசையையும் பின்னி ‘கிரே ஆல்பம்’ செய்தார். உலகமே பேசியது. பீட்டில்ஸ் பதிவுகளின் உரிமையை வைத்திருந்த இஎம்ஐ விநியோகத்தை நிறுத்தச் சொன்னது. இன்று யூடியூபில் அந்த வேலையை ‘கன்டென்ட் ஐடி’ தானாகவே செய்கிறது. பாட்டை அடையாளம் கண்டதும் விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகலாம், வீடியோ முடக்கப்படவும் செய்யலாம். ஆகவே வருமானம் வரும் என்று நம்பித் தவணையில் மென்பொருள் வாங்காதீர்கள். செய்ததை வீட்டாரும் நண்பர்களும் கேட்கட்டும். குறும்படத்துக்கோ கடை விளம்பரத்துக்கோ யாராவது கேட்டால், இரண்டு பாட்டின் உரிமையாளர்களிடமும் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகு கொடுங்கள்.